கப்பலிலிருந்து இரண்டு முறை இறங்கியவர்

ரோலா, சார்ஜா

முத்துக்கருப்பா,

நீ நன்றாக இருப்பது உன் கையெழுத்திலேயே தெரிகிறது. கல்யாண மாப்பிள்ளையின் எழுத்து இப்படித்தான் வரிக்கு வரி சாய்ந்து விழும். நானும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன், மூட்டுவலி மட்டும் ஏசியோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. நீ கேட்டது ஒரே கேள்வி. கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வீட்டில் முன்னோர் படைப்பு வைக்கிறீர்கள். செத்துப்போனவர் ஒவ்வொருவருக்கும் புது வேட்டியோ சேலையோ வைத்துக் கும்பிடும்போது, உன் தாத்தாவுக்கும் ஒரு வேட்டி வைப்பதா வேண்டாமா என்று பெரியப்பா கேட்கிறார். வைத்தால் அன்றைக்கே அப்பத்தா தாலியைக் கழற்ற வேண்டும். மருமகள் வாசலுக்கு வரும்போது ஆலாத்தித் தட்டைத் தொடக்கூடாது. வைக்காவிட்டால், இத்தனை வருசம் வராத மனுசனுக்காக இன்னும் என்ன பொட்டு என்று பெண் வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். எனக்கோ கல்யாணத்துக்கு முதல் நாள்தான் லீவு. 'ஒரு வரியில் பதில் எழுதுங்கப்பா' என்று முடித்திருக்கிறாய். எழுதிவிடலாம். ஆனால், சார்ஜாவில் வீடியோ கடைக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது எப்படித் தெரியும் என்று நீயே கேட்பாய். அதனால் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி, யாருக்கும் வாசித்துக் காட்டாதே.

உன் தாத்தா மலாயாவுக்குக் கப்பல் ஏறியபோது நான் வயிற்றில் இருந்தேன். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. வீட்டில் போட்டோவும் கிடையாது. சண்டை வந்தது, கடிதம் நின்றது. ரப்பர் தோட்டத்து ஆட்களை ஜப்பான்காரன் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போட ஓட்டிக்கொண்டு போனான் என்று பிறகுதான் தெரிந்தது. பிழைத்துத் திரும்பிய ஒருவர், உன் தாத்தா காலராவில் போய்விட்டார் என்று சொன்னாராம். இன்னொருவர், சண்டை முடிந்த பிறகு பினாங்கில் உயிரோடு பார்த்ததாகச் சொன்னாராம். என் அம்மா இரண்டாவது ஆளுக்கு மட்டும் காபி போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் நெற்றியில் பொட்டு இருக்கிறது.

உனக்குத் தாத்தா பெயரையே வைத்தோம். அப்பத்தா புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள் என்பதால் உன்னை இன்னும் 'அய்யா' என்றே கூப்பிடுகிறாள். உனக்கு மீசை வந்து ஆளான பிறகு நடந்தது நினைவிருக்கிறதா? நீ வாசல்படியில் தலையைக் குனிந்து உள்ளே நுழையும்போதெல்லாம் அப்பத்தா உட்கார்ந்த இடத்திலிருந்து விருட்டென்று எழுந்துவிடுவாள். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் வந்தால் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பிறகு உன்னைக் கண்டுகொண்டு, 'சீ, நீதானாய்யா' என்று மறுபடி உட்காருவாள். போக்கிரி நீ, அவளை எழுப்பிப் பார்ப்பதற்காகவே வெளியே போய்ப் போய் உள்ளே வருவாய். உன் அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். லீவில் வந்திருந்தபோது நானும் அதை ஒருமுறை பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்ப் பெரிய மனிதர் வந்தாலும் உட்கார்ந்தபடியே வெற்றிலை இடிக்கிற பெண்பிள்ளை அவள்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் கடை முதலாளி காசிம் காக்காவை உனக்குத் தெரியும், கீழக்கரைக்காரர், ஒருமுறை நம் வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பை வழித்துச் சாப்பிட்டவர். முன்பக்கம் அவர் படக் கேசட்டுகளை வாடகைக்குக் கொடுப்பார். பின்பக்கம் ஜன்னல் இல்லாத அறையில் நான். ஊரிலிருந்து வரும் கல்யாணக் கேசட்டுகளைப் பிரதி எடுப்பது ஒரு வேலை. பழைய சினிமா ரீல்களைக் கேசட்டாக மாற்றுவது இன்னொரு வேலை. ரீலைப் புரொஜெக்டரில் ஓட்டி, எதிரே சுவரில் ஒட்டிய வெள்ளைக் காகிதத்தில் படம் விழ, அதை வீடியோ கேமராவால் மறுபடி பிடிப்போம். ஊமைப் படத்துக்கு மேலே வாடிக்கையாளர் கேட்கும் பாட்டைப் போட்டுக் கொடுப்போம். மத்தியானம் ஒரு மணிக்கு ரோலாவே ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போகும், நாலு மணிக்குத்தான் எழுந்திருக்கும். இந்த வேலைக்கு இருட்டும் அமைதியும் வேண்டும் என்பதால் அந்த நேரத்தில்தான் நான் தனியாக உட்காருவேன். வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருக்கும். உள்ளே எனக்குக் கை விரல்கள் குளிரில் விறைத்திருக்கும்.

போன வருடம் கோடையில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். இங்கே துறைமுகத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவர். இரண்டு கண்ணிலும் பார்வை போய், டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிஸ்கட் டின் ஒன்றைக் காக்காவின் மேஜையில் வைத்தார். உலக யுத்தம் முடிந்த சமயத்தில் அவர் கடற்படைக் கப்பலில் சின்ன அதிகாரியாம். சாவி கொடுக்கும் சினிமா கேமரா ஒன்று சொந்தமாக வைத்திருந்தாராம். பொழுதுபோகாமல் எடுத்த ரீல்கள் என்றார். கப்பல்காரர்களிடம் கற்ற இந்தியில்தான் எங்களோடு பேசினார். என்ன பாட்டுப் போடட்டும் என்று வழக்கம்போலக் கேட்டேன். பாட்டு வேண்டாம், அன்றைக்கு இருந்த சத்தமெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றார். அவர் போனதும் காக்கா தலையைச் சொறிந்துகொண்டு, "கண்ணுந் தெரியாது, பாட்டும் வேணாங்கிறாரு. இந்தக் கேசட்ட வச்சு என்ன செய்யப் போறாரு தம்பி?" என்றார்.

ரீல் கொண்டுவருகிறவர்கள் யாரும் அதைத் திருப்பிச் சுற்றிக் கொண்டுவருவதில்லை. கடைசிக் காட்சி வெளியே இருக்கும். எங்கே அறுந்திருக்கிறது, எங்கே ஒட்டுப் போட வேண்டும் என்று பார்க்க, விளக்கை எரியவிட்டபடியே ரீலைப் பின்னோக்கி ஓட்டுவது என் வழக்கம். அதனால் எந்தப் படத்தையும் நான் முதலில் தலைகீழ் வரிசையில்தான் பார்ப்பேன். கல்யாண வீட்டில் சாப்பிட்டவர்கள் சோற்றை வாயிலிருந்து எடுத்து இலையில் வைப்பார்கள், தாலி கழுத்திலிருந்து கழன்று மாப்பிள்ளை கைக்குப் போகும். பழகிவிட்டால் அதில் ஒன்றும் இல்லை. அன்றைக்கும் அப்படித்தான் ஓட்டினேன். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு ஒரு துறைமுக மேடை, அதில் தனியாக ஒரு ஆள். முழங்கால் வரை ஒரு துணி, மேலே கிழிந்த சட்டை, இரண்டு கையும் காலி. இடது கையால் வலது காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காதைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் பழக்கம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சையில் பெயிலாகி வந்து வாசலில் நின்றபோதும் நீ அப்படித்தான் நின்றாய். காகிதத்தில் விழுந்த முகம் உன் முகம், முத்துக்கருப்பா. சாயல் என்றால் எழுதியிருக்க மாட்டேன். அந்த மேடுபட்ட புருவம், ஒரு பக்கம் ஏறிய உதடு, எல்லாம் நீ. நீ பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால் எடுத்த படத்தில் நீ நிற்கிறாய். மெஷினை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. அது அதுபாட்டுக்குப் பின்னோக்கி ஓடியது. நீ கையைக் காதிலிருந்து எடுத்தாய், என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தாய். திரும்பிப் பார்க்காமல், தடுமாறாமல், கப்பலின் சாய்வுப் பலகையில் பின்பக்கமாகவே ஏறி, சின்னதாகிச் சின்னதாகி, கப்பலுக்குள் போய்விட்டாய். கண் மட்டும் கடைசிவரை என் மேலேயே இருந்தது. பிறகு ஒரு கூட்டமே அதே பலகையில் பின்பக்கமாக ஏறியது, கப்பல் பின்வாங்கிக் கடலுக்குள் போனது. அதற்குப் பிறகு வெறும் கடல். அந்தக் கடலுக்குள்ளிருந்து நீளமான துணி மூட்டை ஒன்று எகிறி வந்து கப்பல் தளத்துப் பலகையில் படுத்தது. பின்னாலேயே இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. சுற்றிலும் நம் ஆட்கள், எலும்பும் தோலுமாக, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

வீட்டுக்குத் தூங்கப் போகாத காக்கா ஏதோ சாவியை எடுக்க உள்ளே வந்தவர், என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். "மெஷின நிப்பாட்டு தம்பி," என்றார். குரலே அவருடையதாக இல்லை. "மௌத்தானவங்க தண்ணிக்குள்ளருந்து ஏறி வர்றாங்க. இதப் பாக்க ஆகாது. கலாஸ், போதும், நிப்பாட்டு." நான் நிறுத்தினேன். விளக்கு அணைந்தபிறகும் காகிதத்தில் அந்த முகம் கொஞ்ச நேரம் இருந்தது போல எனக்குப் பட்டது. காக்கா ஏதோ ஓதிக்கொண்டே ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டார். வெயில் உள்ளே வந்து காலில் விழுந்தது.

மறுநாள் படத்தை முன்னோக்கி ஓட்டிப் பதிவு செய்தேன். நேராகப் பார்த்தால் கதை எளிது. கடலில் செத்தவர்களைத் துணியில் சுற்றித் தண்ணீரில் இறக்குகிறார்கள். பிறகு கரை தெரிகிறது. கரையில் ஒரு கோபுரம், உச்சியில் விளக்குக் கூடு. மதராஸ் ஹைகோர்ட் கோபுரம் அது, ஏஜென்ட் ஆபீஸுக்காகப் பாரிமுனையில் நான் அலைந்த அலைச்சலில் அதைத் தினம் பார்த்திருக்கிறேன். கப்பல் மேடையில் அணைகிறது. கூட்டமாக இறங்குகிறார்கள், நடுவில் அவரும் இறங்குகிறார். அங்கே படம் சட்டென்று அறுந்து, மறுபடி தொடங்குகிறது. இந்த முறை அவர் மட்டும், தனியாக, அதே பலகையில் மறுபடியும் இறங்கி வருகிறார். கேமராவுக்கு முன்னால் வந்து நின்று காதைப் பிடித்துக்கொள்கிறார். அத்தோடு ரீல் முடிகிறது. ஒரே ஆள் எப்படி இரண்டு முறை இறங்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. வெயிலில் நின்றுகொண்டு ரொம்ப நேரம் யோசித்தேன்.

வெள்ளைக்காரர் கேசட்டை வாங்க வந்தபோது அதை டிவியில் போடச் சொன்னார். எனக்குக் கண் தெரியாது, நீ பார்த்துச் சொல்லிக்கொண்டே வா என்றார். அப்போதுதான் அவர் எதற்கு வந்தார் என்று விளங்கியது. எடுத்தவருக்கே நான் படத்தைச் சொன்னேன். மூட்டைகள் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார். ஒரு ஆள் தனியாக இறங்குகிறார் என்றதும், "காதைப் பிடித்துக்கொள்கிறானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அவரே சொன்னார். முதல்தடவை கூட்டம் இறங்கும்போது கேமராவின் சாவி தீர்ந்துவிட்டதாம். சாவி கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் எல்லோரும் ஓடிவிட்டார்கள், இந்த ஒரு ஆள் மட்டும் போக இடம் தெரியாதவர் போல மேடையிலேயே நிற்கிறார். ஆகவே அவனை மறுபடி கப்பலில் ஏறச் சொல்லி, மறுபடி இறங்க வைத்துப் படம் எடுத்தேன், சொன்னதை அப்படியே செய்தான் என்றார். உன் வீடு எங்கே என்று சைகையில் கேட்டாராம். அந்த ஆள் கையை நீட்டிக் கப்பலைக் காட்டினாராம். "பொழுது சாயும்வரை அங்கேயே நின்றான். மறுநாள் காலையில் பார்த்தேன், இல்லை." பெயர் கேட்டீர்களா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். இங்கே பக்கத்து நாட்டுச் சண்டையில் எண்ணெய்க் கப்பல்கள் குண்டுபட்டு எரிகிறதைப் பேப்பரில் பார்க்கிறோமே, அந்தச் செய்தியைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஆள் என்னைப் பார்க்கிறான் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மதராஸில் இறங்கிய மனிதர், எழும்பூரில் ரயில் ஏறினால் விடிந்ததும் மானாமதுரை. அங்கிருந்து நம் ஊருக்கு மாட்டு வண்டி. ஏன் வரவில்லை? முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைப் பெற்ற ஆள் இத்தனை அருகில் வந்துவிட்டு அந்தப் பக்கமே திரும்பவில்லை என்று பல்லைக் கடித்தேன். பிறகு ஒருநாள் ரோலா பஸ் ஸ்டாண்டில், ஊருக்குப் போகிறவன் ஒருவன் கயிறு கட்டிய பெட்டிகளோடு நிற்பதைப் பார்த்தேன். பெட்டி கனமாக இருப்பதில் அவனுக்கு என்ன சந்தோசம். அப்போதுதான் உறைத்தது. உன் காதுகுத்துக்கு நான் வரவில்லையே, அந்த வருடம் லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தேனே. லீவு இருந்தது. அப்போது கட்டட சைட் வேலையில் இருந்தேன், விசா கொடுத்த கஃபீல் பல மாதம் சம்பளம் தரவில்லை, டிக்கெட் மட்டும் கையில் இருந்தது. ஒரு சேலை, ஒரு டூ-இன்-ஒன், ஒரு தைலம்கூட இல்லாமல் எப்படி வாசலில் வந்து நிற்பது என்று டிக்கெட்டைக் கிழித்துப் போட்டேன். துபாயில் சம்பாதிக்கிறவன் மட்டும் செய்கிற முட்டாள்தனம் என்று நினைத்திருந்தேன். எனக்கு முன்னாலேயே ஒருவர் செய்திருக்கிறார். சயாம் காட்டில் எல்லாம் போய், ஒட்டிய வயிறும் காலிக் கையுமாக, என்ன முகத்தோடு போவது என்று அந்த மேடையிலேயே நின்றுவிட்டார்.

காக்கா எனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளச் சொன்னார், வெள்ளைக்காரரும் சம்மதித்தார். போன ஐப்பசியில் லீவில் வந்தேனே, நீ திருப்பூரில் வேலையில் இருந்தாய். ஒருநாள் பகலில் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்துவந்தேன். உன் அம்மாவைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, யார், என்ன என்று எதுவும் சொல்லாமல் அந்த முடிவுப் பகுதியை மட்டும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் வெற்றிலை உரலைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூட்டம் இறங்கியது. அவள் இடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவர் தனியாக இறங்கி வந்தார். உரல் உருண்டது. அம்மா எழுந்து நின்றாள், முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்து. அந்தப் பழைய டிவிக்கு முன்னால் அவள் அப்படி நின்றதைப் பார்த்தபோது, அறையில் எங்களைத் தவிர இன்னொருவர் வந்து நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. வாசல் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

படம் முடிந்து கோடு கோடாக ஓடியது. அவள் உட்காரவில்லை. "யாரும்மா?" என்று கேட்டேன்.

"எவரோ," என்றாள். உருண்ட உரலை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அவுக இல்ல. அவுக வெறுங்கையோட வர்ற ஆளில்லடா" என்றாள். அதற்குப் பிறகு இறைந்து கிடந்த வெற்றிலையைப் பொறுக்கி எடுத்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை, கேட்டதற்குப் பசியில்லை என்றாள்.

ஆகவே பதில் இதுதான். வேட்டி வைக்காதே. செத்ததை யாரும் பார்க்கவில்லை. கரை இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பெரியப்பா துள்ளினால், அப்பா வந்து பேசிக்கொள்வார் என்று சொல். ஆலாத்தித் தட்டை அப்பத்தாதான் பிடிக்க வேண்டும். பெண் வீட்டார் கேட்டால், மதராஸில் பார்த்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் சொல், நீ சொல்வது பொய்யாகாது.

தை முடிந்து நீ தோஹாவுக்குக் கிளம்புகிறாய். தொழில்பேட்டையில் வேலை என்கிறாய், கேம்ப் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதையெல்லாம் எழுதி உன்னைப் பயமுறுத்த மாட்டேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன். சம்பளம் வராமல் போகலாம், உடம்பு முடியாமல் போகலாம், கஃபீல் விரட்டலாம். அப்போது பெட்டியைப் பற்றி யோசிக்காதே. போட்டிருக்கிற சட்டையோடு ஏறி வா. உன் பெண்டாட்டியிடம் இதை நீ போகும் முன்பே சொல்லி வை, வெறுங்கையோடு வந்தாலும் போதும் என்று அவளும் உன்னிடம் சொல்லட்டும். நானும் இந்த முறை கையை வீசிக்கொண்டுதான் வருகிறேன். கல்யாணத்துக்கு இதுகூடக் கொண்டுவரவில்லையா என்று உன் அம்மா திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. நம் ஊர்க் கல்யாணங்களில் மொய் எழுதும் மேஜையைப் பந்தல் வாசலிலேயே போடுவார்கள். வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். எழுபதைத் தாண்டிய ஒரு கிழவர், கையில் ஒன்றும் இல்லாமல், மேளச் சத்தம் கேட்டு வந்து பந்தலுக்கு வெளியே காதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். நின்றால், உன் முகம் அவருக்கு இருக்கும். அந்த மேஜையைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார். அதைத் தூக்கிக் கொல்லைப்பக்கம் போடு.

உன் அப்பா